ஒருத்தர்கிட்டேந்து எத்தனை பேருக்கு?

நேத்து பழைய ஃபோல்டர கிளறிட்டு இருந்தப்போ 2020ல சயின்ஸ் பத்திரிகைல வந்த அந்த கொரோனா ஆய்வு கண்ணுல பட்டுச்சு, ரமணன் லக்ஷ்மிநாராயண்ங்கிற ஆராய்ச்சியாளரோட டீம் பண்ணது, தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டு மாநிலத்துலயும் சுமார் 85 ஆயிரம் நோயாளிங்க, அவங்களோட பழகின 5.75 லட்சம் பேருன்னு கான்டாக்ட் டிரேசிங் (நோய் வந்தவங்க யார் யாரோட பழகினாங்கன்னு தேடிப் பிடிக்கிறது) டேட்டாவ வச்சு பாத்திருக்காங்க. அப்போ உலகத்துலயே பெரிய கான்டாக்ட் டிரேசிங் ஆய்வுன்னு இதத்தான் சொன்னாங்க!

அதுல என்னை உலுக்கினது இதான்: பாசிட்டிவ் ஆனவங்கள்ல சுமார் 71 சதவீதம் பேர்கிட்டேந்து, டிரேஸ் பண்ண யாருக்குமே பரவின மாதிரி தெரியல. மிச்சம் கொஞ்சம் பேர்தான் நெறைய பேருக்கு குடுத்திருக்காங்க. சூப்பர் ஸ்ப்ரெடர்னு டிவில கத்தினப்போ ஏதோ பில்டப்புனு நெனச்சேன், இல்லயாம். சின்னப் பசங்க தங்களுக்குள்ளயும் பரப்பியிருக்காங்க, பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எங்க அப்பார்ட்மெண்ட்ல எவ்ளோ பேர் சொன்னாங்க...

படிக்க கஷ்டமா இருந்தது சாவு கணக்குதான், ஆஸ்பத்திரில சேந்து இறந்தவங்கள்ல பாதிப் பேர் ஒரு வாரத்துக்குள்ளயே போயிட்டாங்க. லேட்டா வந்தாங்களா, பெட் கெடைக்கலயா, வீட்லயே கஷாயம் குடிச்சு பாத்தாங்களா, அது இந்த நம்பர்ல தெரியாது. இதுக்குப் பின்னாடி தெருத்தெருவா, வீடு வீடா அலைஞ்சு பேர், ஃபோன் நம்பர் எழுதின நர்ஸுங்க, சுகாதார ஆய்வாளருங்கதான் பாவம், கட்டுரைல அவங்க பேரெல்லாம் எங்க வரப்போகுது.