தெல்லோ: பாலம் பார்க்கப் போன கதை

20 பிப்ரவரி 2025, வியாழன், இரவு

பஸ்ராவிலிருந்து நாசிரியா வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. செக்போஸ்ட் செக்போஸ்டாக பாஸ்போர்ட்டை நீட்டியதில் அதன் அட்டையே கையோடு வந்துவிடும்போல இருக்கிறது. ஈராக்குக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது, பார்த்ததெல்லாம் எண்ணெய்க் குழாய்தான். நாளை தெல்லோ, அதாவது சுமேரியர்களின் கிர்சு நகரம். அங்கே சுமார் 4000 வருடம் பழைய செங்கல் பாலம் ஒன்று இருக்கிறது.

21 பிப்ரவரி, வெள்ளி

ஷத்ரா தாண்டினால் வெறும் மண்மேடுகள்தான். பக்கத்தில் போகும்வரை ஒன்றுமே தெரியவில்லை. பாலம் என்றதும் வளைவு, தூண் என்று மனசு எதையோ போட்டுவைத்திருந்தது, இங்கேயோ பள்ளத்துக்குள் எதிரெதிராக இரண்டு செங்கல் சுவர்கள், இரு முனையிலும் அகல விரிந்து, நடுவில் உடுக்கை இடுப்பு மாதிரி ஒடுங்கி நிற்கின்றன. மேலே தளம் இல்லை, கீழே தண்ணீரும் இல்லை.

அரைமணி நேரம் ஒரே இடத்தில் குத்தவைத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சுட்ட செங்கல். இடையில் பூசியது சுண்ணாம்பல்ல, தார்! அந்தக் கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை. செங்கல்லின் ஓரங்களில்தான் உப்பு பூத்து, வெள்ளையாகப் பொரிந்து உதிர்கிறது. தோண்டியெடுத்த பின் பல பத்தாண்டுகள் கவனிப்பாரில்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் வேறென்ன ஆகும்.

22 பிப்ரவரி, சனி

பிரெஞ்சுக்காரர்கள் 1929-ல் தோண்ட ஆரம்பித்ததிலிருந்தே இது என்ன என்று சண்டைதான். கோயில் என்றார்கள், அணை என்றார்கள், நீரைத் திறந்து மூடும் மதகு என்றார்கள். அப்புறம் 1960-களில் எடுத்த அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது பழைய கால்வாயின் தடம் தெரிந்தது, பாலம்தான் என்று பிரிட்டிஷ் மியூசியக் குழு சொன்னது. சரி, முடிந்தது என்று பார்த்தால், வற்றிவந்த கால்வாயின் நீரை ஒடுக்கி வேகமாக்கி, தூரத்து வயல்களுக்கு விரட்டிய அமைப்பு என்று 2023-ல் அதே குழுவே மாற்றிப் பேசியது.

எனக்கு இந்தக் கடைசிக் கட்சிதான் பிடித்திருக்கிறது. ஆள் கடக்க மட்டும் என்றால் அவ்வளவு நீளத்துக்குச் சுவரை வளைத்து வளைத்துக் கட்டுவானேன்? ஆனாலும் அந்த ஒடுக்கத்தில் இரண்டு பனைமரத்தைக் குறுக்கே போட்டு ஒருத்தரும் நடக்கவில்லை என்று யார் சத்தியம் செய்வது.

திரும்பும் வழியில் டீ குடிக்கும்போது, "பாலத்து மேல ஏறினீங்களா உஸ்தாத்?" என்று டிரைவர் கேட்டார். அடியில்தான் நடந்தேன் என்றேன். சிரித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.