புதுப் பற்றரி வாங்குமுன் மீற்றரை வையுங்கள்

காலையில் திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வருகிறது. உடனே பற்றரிக் கடைக்குப் போகிறோம். இரண்டு வாரத்தில் புதுப் பற்றரியும் படுத்துவிடுகிறது. அடுத்ததாக, எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டனேற்றரை மாற்றுகிறோம். கடைசியில் பார்த்தால் குற்றம், பற்றரி மைனஸை எஞ்சினோடும் கார் உடம்போடும் இணைக்கும், கறல் பிடித்த ஒரு ஏர்த் வயரில் இருக்கும். இப்படி வீணாகும் காசைப் பார்க்கவே வயிறு எரிகிறது. ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றரும் அரை மணித்தியாலமும் போதும், இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

இரவு முழுக்க நின்ற காரில், திறப்பைப் போடாமலே பற்றரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0க்குக் கீழே போயிருந்தால் காலி. காலியான பற்றரியை வெளிச் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டுத்தான் மற்றச் சோதனைகளுக்குப் போகவேண்டும். நிரம்பிய பிறகும் ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியே பலவீனம்.

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். 12.5இலேயே நின்று மெல்ல மெல்ல இறங்கினால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் போய்விட்டது. பற்றரி சூடாகி அழுகிய முட்டை மணக்கும், அதோடு காரை ஓட்டவேண்டாம். புதிய ஜப்பான் கார்கள் சிலவற்றில் சார்ஜைக் கம்பியூட்டர் கூட்டிக் குறைக்கும். அவற்றில் 12.8 கண்டு பயப்படாமல் ஹெட்லைற்றைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் ஓல்டனேற்றரே கிடையாது. பெரிய பற்றரியிலிருந்து ஒரு கன்வேற்றர் வழியாகத்தான் 12 வோல்ட் வருகிறது. செம்மஞ்சள் கேபிள்களில் கை வைக்காதீர்கள்.

கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் வெறும் ஐடிலில் 14.2 வந்துவிட்டால் எல்லாம் சரி என்று மூடிவிடக்கூடாது. மழை பெய்யும் மாலையில் கொழும்பு–காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் வாகனங்கள் ஊரும்போது கார் என்ன இழுக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். 55 வோட் ஹெட்லைற் இரண்டும் 8 அம்பியர். ஏசி புளோவர் முழு வேகத்தில் 15க்கு மேல். ரேடியேற்றர் ஃபேன் 10க்கு மேல். வைப்பர், பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15. மொத்தம் ஏறத்தாழ 50. 80 அம்பியர் என்று எழுதிய ஓல்டனேற்றர் அந்த 80ஐத் தருவது உயர் வேகத்தில்தான். ஐடிலில் பாதிகூட வராமல் போகலாம். அதனால் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் பிடித்து அளக்கவேண்டும். 13.5க்குக் குறையாமல் நின்றால் நல்லது.

குறைந்தால் ஓல்டனேற்றரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பலர் தாண்டிப் போகும் சோதனை இங்கேதான் இருக்கிறது. அதே 2000 சுற்று, அதே லோட். மீற்றரின் சிவப்பு முனையை ஓல்டனேற்றரின் பின்னால் தடித்த வயர் போகும் பி போல்ட்டின் தலையில் வையுங்கள். கறுப்பு முனையைப் பற்றரியின் பிளஸ் ஈயத் தண்டிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5 காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது: 40 அம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 20 வோட் சூடாகக் கரைகிறது. அந்தச் சூட்டில்தான் வயர் நுனியில் உள்ள லக் பழுப்பு நிறமாகிப் பிளாஸ்டிக் உருகுகிறது. கிளாம்ப், மெயின் பியூஸ், லக் என்று முனையை ஒவ்வொன்றாக நகர்த்தினால் குற்றமுள்ள இடத்தில் எண் சட்டென்று மாறும். அடுத்து ஓல்டனேற்றர் உடம்புக்கும் பற்றரி மைனஸ் தண்டுக்கும் இடையில் அளக்கவேண்டும், 0.1க்கு மேல் போனால் ஏர்த் பழுது. பி போல்ட்டில் எப்போதும் மின் இருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் அதில் ஸ்பானர் போடாதீர்கள்.

கொழும்பில் கடலோரமாகப் போகும் மறைன் டிரைவ் ஓரமாக நிற்கும் கார்களில் உப்புக் காற்று இந்த ஏர்த்தைத்தான் முதலில் தின்னும். வெளியே பச்சைத் தூள் கொஞ்சம்தான் தெரியும்; உறையைக் கீறினால் உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். அப்படியானால் வயரை மாற்றுங்கள். மேலே மட்டும் பூத்திருந்தால் ஒரு கப் சுடுநீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து ஊற்றி, பிரஷ் போட்டு, காயவிட்டு, இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள். அந்தத் தண்ணீர் பற்றரி மூடிக்குள் போகக்கூடாது.

வயர்கள் சரி, பெல்ட்டும் நழுவவில்லை என்றால்தான் ஓல்டனேற்றர் மேல் சந்தேகம். கார் பள்ளத்தில் விழும்போது டாஷ்போர்ட்டில் பற்றரிச் சிவப்பு லைற் மின்னி மறைந்தால், ஓல்டனேற்றருக்குள் சுற்றும் வளையத்தில் உரசும் காபன் தேய்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது, பெல்ட்டுக்குக் கை போகாமல், மரப்பிடியால் அதன் பின்பக்கத்தை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சார்ஜ் திரும்பி வந்தால் காபன்தான். காபன் செற் மட்டும் மாற்றினாலே போதும், ஆனால் அது உரசும் செம்பு வளையத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஓல்டனேற்றரின் மின்னை ஒரே திசையில் திருப்பும் டயோட் போனால் லோட்டில் வோல்ட் விழும், ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் கேட்கும். ஷோர்ட் ஆன டயோட் நிறுத்திய காரிலும் பற்றரியைக் குடிக்கும்: எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகும் ஓல்டனேற்றர் மட்டும் இளஞ்சூடாக இருந்தால் அதுதான். எஞ்சின் ஓடும்போது மீற்றரை ஏசி (மாறுமின்) அளவில் வைத்துப் பற்றரியில் டயோட்டைப் பார்க்கலாம், 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் பழுது. மலிவான மீற்றர்கள் சில இந்த அளவில் பற்றரியின் 14 வோல்ட்டையே ஏசி என்று எடுத்து 30 என்று உளறும், அவற்றை நம்பவேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி "நிக்குதா பாப்பம்" என்று யாராவது சோதிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறலாம், காரின் கம்பியூட்டரான ஈசியூ போய்விடலாம்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த ஓல்டனேற்றர் வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சொக்கற் பின்களின் எண்ணிக்கை, புல்லியின் பள்ளங்கள், அம்பியர், போல்ட் ஓட்டைகள் நான்கும் பொருந்தவேண்டும். கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பெயரிங் தேய்ந்தது. கடையிலேயே பெஞ்சில் லோட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பூட்டும் நாளில் பற்றரியை முன்பே முழுச் சார்ஜில் வைத்திருங்கள். காலிப் பற்றரியோடு ஓடவிட்டால் ஓல்டனேற்றர் மணிக்கணக்காக உச்ச அம்பியர் தள்ளவேண்டிவரும்; அதன் டயோட் அன்றைக்கே வெந்துவிடலாம்.