நாலாம் நம்பர் பலகை

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல தாத்தா வச்சிருந்த பலசரக்குக் கடையைப் போன மாசம் திறந்தோம். சுவர்ல கை வச்சா மணலா உதிருது. கடல்ல வெட்டுன பழைய பவளப்பாறைக் கல்லு மேல, இருபது வருஷத்துக்கு முன்னாடி நான்தான் ஆசையா சிமென்ட் பூச வச்சேன். ஈரம் வெளியேற வழியில்லாம உப்பு உள்ளயே பூத்துக் கிடக்கு. என் புத்தி!

கொத்தனார் அண்ணன் அத்தனையும் கொத்தி எடுத்துட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவச்ச தண்ணி விட்டுச் சுண்ணாம்பு அரைச்சுப் பூசுறாரு. தெருவே புளிச்ச வாடை, ஈ மொய்க்குது. புதுக் கல்லுக்கு வழியில்ல. பவளப்பாறைகளை 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல சேர்த்தாச்சு, அதுவும் சரிதான். இடிஞ்ச பின்கட்டுக் கல்லையே பொறுக்கி வச்சுக் கட்டினோம்.

கடை வாசலை அடைக்கிற பலகைகள்ல ௧, ௨, ௩னு தமிழ் எண் செதுக்கியிருக்கு. ௪ மட்டும் காணோம். தேடுனா, ஆட்டுக்கொட்டாய் வாசல்ல செல்லரிச்சுக் கிடக்கு.

கல்லாப்பெட்டிக்குள்ள ஒரு வீசைக்கல்லு. வீசைக்கு 40 பலம், இப்போதைய கணக்குல சுமார் 1.4 கிலோ. கிலோ வந்த பிறகும் கருப்பட்டியை மட்டும் தாத்தா வீசையிலதான் நிறுப்பாராம்.

பற்று நோட்டுல தனுஷ்கோடி ஆளுகளுக்குத் தனிப் பக்கம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயலுக்கு அப்புறம் அதுல ஒரு எழுத்துகூட இல்ல.

"பாக்கியை வசூல் பண்ணலையா அப்பத்தா?"

"யார்ட்டடா போய்க் கேக்க?"

நோட்டை வாங்கி மடியில வச்சுக்கிருச்சு. இன்னும் தரல.

நாலாம் பலகைக்கு வேம்பு அறுக்கக் குடுத்திருக்கு.