8 ரேஸும் 240 பந்தும்

எங்கள் பெரியப்பா குதிரைப் பந்தயத்தில், சேலம் குகைப் பகுதியில் இருந்த வீட்டுப் பங்கை விட்டவர். அதனால் நேரில் போய் ஆடுவது பரவாயில்லை, ஆன்லைன்தான் கெடுதல் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவனாக, வேலைக்கு வரும் பையன்களின் போனில் நடப்பதைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. பெரியப்பா அந்த வீட்டை இழக்கப் பல வருஷம் பிடித்தது. இவர்களுக்கு ஒரு ஐபிஎல் சீசனே போதும்.

பெரியப்பா போவது பெங்களூரு ரேஸுக்கு. சேலத்துக்காரருக்குக் கிண்டியைவிட அதுதான் பக்கம். முந்தின நாளே ரேஸ் புத்தகம் வாங்கிவிடுவார். எந்தக் குதிரைக்கு எவ்வளவு எடை, யார் ஜாக்கி, போன தடவை எத்தனையாவதாக வந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். விடியற்காலை பஸ். தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று 200 கிலோமீட்டர். உள்ளே போக டிக்கெட், அப்புறம் டோட் கவுன்டரில் வரிசை. டோட்டில் எல்லோரும் கட்டிய பணம் ஒன்றாகச் சேரும். கிளப்பின் பங்கும் வரியும் போக மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். தனியாகப் பந்தயம் பிடிக்கும் புக்கியிடம் கட்டினால், ஜெயித்தால் எவ்வளவு என்று கட்டும்போது பேசிய விலைதான், பிறகு மாறாது. பெரியப்பாவுக்கு ஜாக்பாட் ஆசை. வரிசையாக 5 ரேஸில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ரேஸ் ஓடுவது ஒன்றிரண்டு நிமிஷம்தான். அடுத்த ரேஸுக்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியில் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்துக்குப் போய் நிற்பார், போண்டா தின்பார், பக்கத்தில் இருப்பவரிடம் புலம்புவார். ஒரு நாளைக்கு 7 அல்லது 8 ரேஸ். சட்டைப்பையில் இருந்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். திரும்பி வர பஸ் காசு பட்டாபட்டி டிராயர் பையில் தனியாக இருக்கும், அதைத் தொட மாட்டார். சீசன் முடிந்தால் ரேஸும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், ரேஸ் நாளில் அவர் வெள்ளைச் சட்டை போட்டாலே பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். தெரு முழுக்கத் தெரியும். என் அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் தடுத்திருக்கிறார். சில தடவை தடுக்கவும் முடிந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு பையன். பொடி பற்றவைப்பதில் அவனைப் போலக் கைசுத்தம் உள்ளவன் கிடைப்பது கஷ்டம். அவனுக்கு ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘ஐடி’ கொடுத்தார், கிரிக்கெட் பந்தய சைட்டுக்குள் போவதற்கு. முதலில் பணம்கூடக் கேட்கவில்லை, கடனுக்கே பாயின்ட். அதில் ஜெயிக்கும் என்று கட்டும் பேக் உண்டு, ஜெயிக்காது என்று கட்டும் லே உண்டு, செஷன் உண்டு. செஷன் என்றால் முதல் 6 ஓவரில் எத்தனை ரன் என்பது போல. அடுத்த பந்துக்கும் கட்டலாம். ஒரு டி20 மேட்சில் வைடு, நோபால் போக 240 பந்து. ஐபிஎல் 2025-இல் அட்டவணைப்படி 74 மேட்ச். பெருக்கினால் 17,760. பெரியப்பா ஆயுளுக்கும் பார்த்த ரேஸ் இதில் ஒரு மூலைக்குக் காணாது.

பணம் கட்டுவது யுபிஐயில் சில நொடி. ஜெயித்ததை எடுக்கப் போனால் சரிபார்ப்பு, நாளைக்கு வரும், இன்னும் கொஞ்சம் ஆடினால்தான் எடுக்க முடியும் என்று இழுப்பார்கள். இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. வீட்டில் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், கணவன் மேட்ச் பார்க்கிறான் என்று நினைக்கிறாள். அவன் கடன் வாங்கியிருந்த லோன் ஆப்காரர்கள் அவளுக்கே போன் போட்டுத் திட்டிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. தடுக்க யாருக்கும் ஒரு வெள்ளைச் சட்டைகூடக் கண்ணில் படவில்லை.

இடம்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனில் தெருவுக்குத் தெரு சட்டப்படியே பந்தயக் கடை உண்டு. அங்கே வைத்த மெஷின்களில் 20 நொடிக்கு ஒரு தடவை 100 பவுண்டு வரை கட்டலாம் என்று இருந்தது. குடும்பங்கள் கெட்டன. 2019 ஏப்ரலில் அதை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். கடைக்கு நடந்து போய் ஆடியவர்கள்தான் அவர்களும். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு விட நேரம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் சட்டம் ரொம்ப காலம் வேறு கேள்வியைக் கேட்டது: திறமையா, அதிர்ஷ்டமா? குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. லாட்டரியை 2003-இல் தமிழ்நாடு ஒழித்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-இல் கொண்டுவந்த சட்டம் ஆளுநரிடம் போய்த் திரும்பி, 2023-இல்தான் ஒப்புதல் பெற்றது. அந்த வருஷமே ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று உயர் நீதிமன்றம் சொல்லி அந்தத் தடையை மட்டும் நீக்கியது. பெரியப்பாவுக்கும் திறமை இருந்தது. எத்தனையோ குதிரையின் வம்சாவளியை ஒப்பிப்பார். வீடு போனதுதான் மிச்சம்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒரு விதி போட்டது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு யாரும் உள்ளே வர முடியாது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. யாரோ ஒருவர் அந்த அரைமணி இடைவெளியின் அருமையைப் புரிந்துகொண்டார் என்று பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் கூடாது என்றது. பெரிய ஆப்கள் பணப் போட்டியை நிறுத்தின. ஐடி கொடுக்கும் ஆள் நிறுத்தவில்லை. அவர் தொழில் எப்போதுமே சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டு ஸ்டம்பைச் சாய்த்தால் எங்கள் பட்டறையே எழுந்து கத்தும். ஒரு சீசனில் பாதிப் பேர் கத்தவில்லை, குனிந்து போனைப் பார்த்தார்கள். நம்ம ஊர்ப் பையன் விக்கெட் எடுத்ததில் அவர்களுக்கு நஷ்டம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பையன் இப்போது வேலைக்கு வருகிறான். அவன் கேட்டபடியே கூலி மனைவியின் கணக்குக்குப் போகிறது. அவன் வங்கி ஆப்பில் யுபிஐயின் தினசரி வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறோம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசினான், காசு கிடையாது. மிரட்டிய லோன் ஆப் மீது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம்.

சேலத்தில் பட்டறை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே மாதங்களில் எந்தப் பையனாவது வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி முன்பணம் கேட்டால், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் அவனை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எதற்கென்று கேளுங்கள். முதல் தடவை உண்மையைச் சொல்ல மாட்டான். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.