கச்சான் காற்றில் ஒரு கூடாரம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் என் வயதையொத்த எவரிடமாவது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறேன் என்று சொன்னால், அவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் சிரிப்பார்கள். போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் அடைபட்டுக் கிடந்தனர். கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்டெம்பரில். அந்த வெக்கையையும் சேற்றையும் கண்டவர்களிடம் கூடார வாழ்க்கையை விடுமுறைக் கொண்டாட்டமாக எடுத்துச் சொல்வது எளிதன்று. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சை எடுத்தது நாங்கள் அல்லோம். ஆவணி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணா, தம் பயணப்பொதியின் பாதியை நிறைத்து ஒரு கூடாரத்தையும் கொண்டு வந்திருந்தார். அங்கே கோடைதோறும் ஏரிக்கரைகளில் தங்கிப் பழகிய அவருடைய பிள்ளைகள், அதைப் பார்த்திராத என் பிள்ளைகளுக்கு ஓர் இரவுக்குள் ஆசையை ஊட்டிவிட்டார்கள்.

இடம் தேடுவதே முதல் வேலை. வன்னியில் காடு கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கிறது என்பதற்காக நினைத்த இடத்தில் முளை அறைய முடியாது. காடு வனத் திணைக்களத்துக்குரியது. கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. யானை நடக்கும் வழிகள் எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கத்தில் அத்தானுக்கு இருக்கும் காணியையே தெரிவுசெய்தோம். பலமுறை உழுது பயிரிட்ட மண், கிணறு உண்டு, கூப்பிடு தூரத்தில் வீடும் மலசலகூடமும் உண்டு. இதெல்லாம் இருந்தால் அது கூடார வாழ்க்கையே அன்று என்று அண்ணாவின் மூத்த மகன் முறையிட்டான். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இவை மூன்றும் இல்லாத இடத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

காணிக்குள் எந்த மூலையில் அடிப்பது என்பதைத் தீர்மானித்தவர் அம்மா. அவர் வரச் சம்மதித்ததே எங்களுக்கு வியப்பு. கூடாரத்துக்குள் படுக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தைச் சுற்றி நடந்தார். பட்ட கொம்புள்ள மருதமரத்தின் கீழ் வேண்டாம் என்றார். கறையான் புற்றுக்கும் விறகுக் குவியலுக்கும் அருகே வேண்டாம் என்றார். வேலியோரம் காய்ந்து கிடந்த யானை இலத்தியைக் காலால் தட்டிப் பார்த்து, பழையதுதான் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் அந்தப் பக்கம் வேண்டாம் என்றார். "தண்ணி எந்தப் பக்கத்தால வரும் எண்டு பாத்துப்போட்டுத் தடியை நடுங்கோ" என்று அவர் சொன்னபோது வானத்தில் ஒரு முகிலும் இல்லை. இந்த அறிவெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கனடாப் பிள்ளைகள் கேட்டார்கள். விசுவமடுவில் தொடங்கிப் பல இடம்பெயர்வுகளைக் கடந்த ஒரு பட்டியலை அவர் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல், கடைச் சாமான்களின் விலையைச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தார்.

கூடாரம் அடிப்பது குடும்பத்தின் ஒற்றுமையைச் சோதிக்கும் காரியம். மெல்லிய அலுமினிய முளைகள் ஆவணி மாதத்து இறுகிய கிரவல் மண்ணில் இறங்க மறுத்து ஒவ்வொன்றாக வளைந்தன. அத்தான் அலவாங்கால் குழி போட்டுக் காட்டுக்கம்புகளைச் சீவி முளையாக அறைந்தார். அதற்குள் எந்தத் தடி எந்தத் துளைக்குள் போகவேண்டும் என்பதில் அண்ணாவுக்கும் அண்ணிக்கும் இடையே தொடங்கிய கருத்து வேறுபாடு, அதற்கு முந்தைய கோடைகளின் கணக்குகள் வரை சென்றது. தென்மேற்கிலிருந்து பகல் முழுவதும் வீசும் கச்சான் காற்று, பாதி நிறுத்திய துணியைப் பாயாக விரித்துப் பிள்ளைகளையும் சேர்த்து இழுத்தபோது, சிரித்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே.

அந்தக் கூடாரத்தின் உண்மையான குறையை இரவில்தான் கண்டோம். அது குளிர்நாட்டில் வாழ்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. உள்ளே வலையும் துணியும், வெளியே நீர் புகாத மேற்போர்வையும், நிலத்தோடு ஒட்டித் தைத்த தளமுமாக, உடம்பின் சூட்டை உள்ளே பிடித்துவைப்பதும் காற்றை வெளியே நிறுத்துவதும்தான் அதன் வேலை. வன்னியின் கோடை இரவில் நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பகலெல்லாம் வீசிய காற்று இரவில் விழுந்துவிட, அத்தனை பேர் மூச்சுவிடும் அந்தச் சிறு அறை புழுங்கத் தொடங்கியது. மூச்சில் உள்ள ஈரம் மேற்போர்வையில் பட்டுத் துளிகளாகி முகத்தில் சொட்டியதை மழை என்று எண்ணிச் சின்னவள் எழும்பி அழுதாள். மேற்போர்வையைக் கழற்றி, வலையை மட்டும் விட்டபிறகுதான் தூக்கம் வந்தது. ஆனால் தைத்த தளத்தையும் சிப்பையும் நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்தில் பாய் விரித்து உறங்குபவர்களை இரவில் கட்டுவிரியன் தீண்டுவது நம் ஊர்களில் புதிதல்ல. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இராததால் விடியும்வரை பலர் அதை அறிவதுமில்லை. சிப் முழுவதும் இழுத்து மூடிய கூடாரம் பாம்பையும் மட்டத்தேளையும் நுளம்பையும் ஒருங்கே வெளியே நிறுத்திவிடும். பிள்ளைகள் அதைத் திறந்துபோட்டுவிட்டு ஓடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒருவரைக் காவல் வைக்கவேண்டும் என்பது வேறு விடயம்.

அம்மாவின் ஏற்பாடு வேறு. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஒரு தறப்பாளை ஆள் உயரத்துக்கு மேல் சாய்வாக இழுத்து, நாற்புறமும் திறந்துவிட்டு, அதன் கீழ் சாக்குக் கட்டிலைப் போட்டு, நுளம்பு வலையைத் தொங்கவிட்டு ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு படுத்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னதாகக் குறட்டை விட்டவர் அவரே. மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களிடமிருந்து கற்றது அது என்றார். ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்குப் பல நாட்களுக்கு முன்னரே தமிழரும் சிங்களவருமாக வந்து, மரங்களின் கீழ் கூடாரமிட்டு, சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துக் காத்திருப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வெளியில் பாய் விரித்து விடியும்வரை கிடப்பவர்கள், நாயாற்றங்கரையில் வாடி என்னும் கொட்டில் அடித்து மீன்பிடிக்கும் குடும்பங்கள், நெல்லுக்குப் பன்றியும் யானையும் வராமல் பரணில் காவல் இருப்பவர்கள் என்று எண்ணிப்பார்த்தால், வெளியில் படுப்பது வன்னிக்கு யாரும் வந்து சொல்லித்தரவேண்டிய கலையன்று.

இன்பங்களில் முதலாவதாகச் சமையலைச் சொல்வேன். மூன்று கல் அடுப்பைக் குழி தோண்டி அதற்குள் வைத்தோம். காய்ந்த சருகு நிறைந்த அந்தக் காலத்தில் ஒரு பொறி பறந்தால் காணியே எரிந்துவிடும். புட்டு, கட்டைச்சம்பல், குளத்திலிருந்து அன்று காலையில் வந்த திலாப்பியாவை மிளகாய்த்தூளில் பிரட்டிப் பொரித்தது. வீட்டில் மீன் முள்ளைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைகள் புகைக்குள் கண்ணைக் கசக்கியபடி இரண்டாம் முறையும் கேட்டார்கள். மிஞ்சியதையும் வாழைப்பழச் சீப்பையும் அரிசிப் பையையும் பொழுது சாயுமுன் அத்தானின் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அரிசி மணத்துக்கும் பழ மணத்துக்கும் யானை சுவரையே இடிக்கும். கூடாரத் துணியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கைப்பேசிகளுக்கு மின்னேற்ற வழியில்லாதது இரண்டாவது இன்பம். ஆண்களின் முகத்தில் அது அவ்வாறு தெரியவில்லை. செக்கல் பொழுதுக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எல்லோரும் ஒரே பாயில் கிடந்தபோது, தான் சிறுமியாக இருந்த காலத்தில் மாட்டுவண்டியில் மடுவுக்குப் போன கதையை அம்மா சொன்னார். அண்ணாவும் நானும் அதுவரை கேட்டிராத கதை. இடையில் குளத்துப் பக்கம் ஆட்காட்டிப் பறவை கத்தியதும் பேச்சு நின்றது. ஏதோ நடமாடுகிறது என்று அத்தான் டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு போய், நரி என்று சொல்லித் திரும்பி வரும்வரை, கனடாவில் கரடிக்கே அஞ்சாதவர்கள் என்று பெருமை பேசிய பிள்ளைகள் அம்மாவின் சேலையைப் பிடித்திருந்தார்கள்.

முகிலே இல்லாத அந்த ஆவணியில் மழையும் வந்தது. மாலையில் திடீரென்று இடியுடன் கொட்டிய அரை மணி நேர மழைதான். கூடாரத்தின் அடியில் விரித்த பொலித்தீன், கூடாரத்தைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், மேலிருந்து வழிந்த நீரை வாங்கி நேராகப் படுக்கைக்குக் கீழே சேர்த்தது. அடித்துணி எப்போதும் கூடாரத்தைவிடச் சிறிதாக, உள்ளே மடித்துவிடப்பட்டிருக்கவேண்டும். இடி முழங்கும்போது கூடாரம் எவ்விதப் பாதுகாப்பும் தராது. தனிமரத்தின் கீழ் நிற்பது அதைவிடக் கேடு. ஆகவே பிள்ளைகளை அத்தானின் வீட்டுக்குள் ஓட்டினோம். மழை விட்டதும் அம்மா மண்வெட்டியோடு வந்து, மேட்டுப் பக்கமாக ஒரு சிறு வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். அன்றிரவு பிள்ளைகள் எல்லோரும் அவருடைய தறப்பாளின் கீழே இடம் கேட்டு வந்துவிட்டார்கள். நனைந்த கூடாரத்தில் அண்ணாவும் அண்ணியும் மட்டும் படுத்தார்கள்.

திரும்பிப்போகும்போது பொதியின் நிறை கூடிவிட்டதால் கூடாரத்தை எங்களிடமே விட்டுச்சென்றார் அண்ணா. ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று முற்றத்தில் விரித்துக் காயவிட்டோம். அதைச் சுற்றிவந்து பார்த்த அம்மா, வலைப் பகுதியைத் தனியாக நிமிர்த்தி உள்ளே செத்தல் மிளகாயைக் காயப்போட்டிருக்கிறார்; காகமும் கோழியும் நெருங்குவதில்லையாம். டிசம்பர் விடுமுறைக்கு அது வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். டிசம்பரில் வன்னியில் மழை எப்படிப் பெய்யும் என்பதை அவர்களுக்கு விளக்கும் பொறுப்பையும் அம்மாவிடமே விட்டிருக்கிறேன்.