புல்லட்டுக்குள் டீசல் எஞ்சின்: ஒரு பட்டறை நாட்குறிப்பு

8 மார்ச் 2025, பட்டர்வர்த்

என்னுடைய புல்லட் 350-இல் டீசல் எஞ்சினைப் பொருத்தும் வேலை இன்று தொடங்கியது. வண்டி சென்னைத் திருவொற்றியூரில் தயாரானது. எஞ்சினின் அடிக்கூடான கிரேங்க்கேஸில் விரிசல் விட்டதால் பல காலமாக ஓடாமல் நிற்கிறது. இந்தியாவிலிருந்து மாற்றுக் கிரேங்க்கேஸை வரவழைப்பது இதைவிட எளிது, செலவும் குறைவு. ஆகவே சிக்கனத்திற்காக இதில் இறங்கியிருக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் மானியம் எடுக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை ஒரே இரவில் 3.35 ஆயிற்று. அதன்பின் விலை ஏறி இறங்கினாலும் ரோன் 95 பெட்ரோலின் 2.05 ரிங்கிட்டைவிட உயரத்தில்தான் நிற்கிறது. ஒரு லிட்டரில் இரண்டு மடங்கு தூரம் ஓடினாலும், மிச்சமாகும் காசு கடைசல் பட்டறைக் கூலிக்கே காணாது. ஆசைதான் காரணம், அதற்குக் கணக்குக் காட்டப் போவதில்லை.

புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் கணக்கு உண்டு. இன்றைய மோட்டார்சைக்கிள்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்புக்குள் இருப்பதால், எஞ்சினை எடுத்தால் கியரும் கூடவே போய்விடும். பழைய புல்லட்டின் நான்கு கியர் ஆல்பியன் பெட்டியோ எஞ்சினின் முதுகில் திருகாணிகளால் மாட்டப்பட்ட தனி உறுப்பு. அதனால்தான் டீசல் மோகம் கொண்டவர்கள் பல நாடுகளிலும் இந்த வண்டியையே தேடிப் பிடிக்கிறார்கள். என்ஃபீல்டு நிறுவனமே 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சினுடன் டாரஸ் என்ற டீசல் வண்டியை விற்றிருக்கிறது. அதன் திறன் 6.5 குதிரைத்திறன்தான். ஜெர்மனியில் யோகன் சோமர் என்பவர் ஹாட்ஸ் நிறுவனத்தின் 462 சிசி எஞ்சினை என்ஃபீல்டு சட்டகத்தில் வைத்து முறையாகப் பதிவு செய்யத்தக்க வண்டியாகவே விற்றார். எனவே நான் செய்வது புதுமை அல்ல. பினாங்கில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்வது மட்டுமே என்னுடையது.

16 மார்ச் 2025

எஞ்சின் கிடைத்துவிட்டது. தெலுக் கும்பாரில் மீன்பிடிப் படகுகளுக்கும், பெனாகா பக்கம் வயலுக்கு நீர் இறைக்கும் பம்புகளுக்கும் சிறிய டீசல் எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்ப்பவர்களிடம் சொல்லி வைத்தால் நல்ல பழைய எஞ்சின் வந்து சேரும். எனக்கு வந்தது யான்மார் எல்100: காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், துளை 86 மில்லிமீட்டர், வீச்சு 70, கொள்ளளவு 406 சிசி, நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 10 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 48 கிலோ.

வாங்குமுன் இரண்டைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வேலையில் இறங்குவோருக்குச் சொல்லி வைக்கிறேன். இந்த வகை எஞ்சின்களில் சிலவற்றுக்கு வெளித்தண்டு, பிஸ்டன் சுழற்றும் கிரேங்கிலிருந்து வரும். சிலவற்றுக்கு வால்வுகளை இயக்கும் கேம் தண்டிலிருந்து பாதி வேகத்தில் வரும். நமக்கு வேண்டியது கிரேங்கிலிருந்து வருவது. அடுத்தது தண்டின் முனை. தண்ணீர்ப் பம்புக்கான தண்டில் மரை வெட்டியிருக்கும், ஜெனரேட்டருக்கானது கூம்பாக இருக்கும், பொதுப் பயன்பாட்டுக்கானது சாவிக்கட்டை வைத்த நேர்த்தண்டாக இருக்கும். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாட்ட மூன்றாவதுதான் வசதி. சுழலும் திசையைப் பற்றி நான் கவலைப்பட்டிருந்தேன். தண்டின் பக்கம் நின்று பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. வண்டியின் இடப்புறத்திலிருந்து பார்க்கும்போது சக்கரமும் இடஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும். புல்லட்டின் கிளட்ச்சும் இடப்புறமே இருப்பதால் இடையில் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

டீசல் என்றாலே இழுவை அதிகம் என்று காப்பிக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டர்போ வைத்த லோரி எஞ்சினுக்கு அது பொருந்தும். இந்த எஞ்சினின் 10 குதிரைத்திறனையும் 3,600 சுற்றையும் வைத்துக் கணக்கிட்டால் முறுக்குவிசை 20 நியூட்டன் மீட்டரைக்கூடத் தொடவில்லை. கழற்றி வைத்திருக்கும் 346 சிசி பெட்ரோல் எஞ்சின் இதைவிட வலுவாக இழுத்தது. இந்த எஞ்சினுக்கு இழுவை கூடுதலாக இருப்பதுபோல் தோன்றக் காரணம் கனமான ஃபிளைவீலும், வேகம் மாறாதபடி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் கவர்னரும்தான்.

5 ஏப்ரல் 2025

நோன்புப் பெருநாளுக்குப் பட்டறைகள் மூடியிருந்ததால் அளவெடுப்பு மட்டும் நடந்தது. பழைய எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் பூசி, மரப்பெட்டியில் வைத்துவிட்டேன். சட்டகத்தில் ஓரிடத்திலும் வெல்டிங் செய்வதில்லை, எல்லாம் திருகாணியால்தான் என்று முடிவாகியிருக்கிறது. நாளைக்கு யாராவது பெட்ரோல் எஞ்சினையே திரும்ப வைக்க விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும்.

19 ஏப்ரல் 2025

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையான வேலை எஞ்சினில் இல்லை. அதற்கும் கியர்பாக்ஸுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் வரும் இரண்டு தகடுகளில் இருக்கிறது.

புல்லட்டின் சட்டகத்துக்கு அடியில் தொட்டில்போல் குழாய் எதுவும் கிடையாது. முன்குழாய் கழுத்திலிருந்து இறங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கும் பின்பகுதிக்கும் இடையே பாலமாக இருப்பது எஞ்சின்தான். அதை எடுத்தவுடன் முன்குழாய் ஆதரவின்றித் தொங்குகிறது, கியர்பாக்ஸுக்கும் பிடிமானம் போய்விடுகிறது. ஆகவே நாம் செய்யும் தகடுகள் எஞ்சினைத் தாங்குவதோடு நில்லாமல் சட்டகத்தின் விட்டுப்போன பகுதியாகவும் இருக்க வேண்டும், கியர்பாக்ஸின் நான்கு திருகாணிகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும், செயின் இழுக்கும் விசையையும் ஏற்க வேண்டும். இவை எல்லாவற்றையும் கிரேங்க்கேஸ் ஒன்றே சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

எஞ்சினைக் கழற்றுமுன்பே முன்குழாயின் காதிலிருந்து பின்தகட்டின் துளைவரை ஓர் இரும்புப் பட்டையை மாட்டித் தூரத்தை நிலைநிறுத்தியிருந்தோம். பிறகு தடித்த அட்டையில் மாதிரி வெட்டி, வைத்துப் பார்த்து, திரும்ப வெட்டி, வடிவம் ஒத்து வந்த பின்னரே 8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் கோடு கீறினோம். யான்மார் எஞ்சின் அடியில் நான்கு கால் துளைகளோடு தரையில் உட்காரப் பிறந்தது; அதற்காக இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு தட்டு அமைத்து, கால்களை அதில் முடுக்குகிறோம். தட்டை ஒரே உயரத்தில் நிரந்தரமாகப் பற்றவைக்காமல், அடியில் மெல்லிய தகடுகளை வைத்து ஏற்றி இறக்கும்படி செய்திருப்பதால் கிளட்ச்சுக்கும் எஞ்சின் தண்டுக்கும் உள்ள தூரத்தைப் பிறகும் சரிசெய்யலாம்.

பிறையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் எங்கள் துளைகளைப் பார்த்துவிட்டு, ஒரு திருகாணியை எடுத்துத் துளைக்குள் விட்டு விரலால் ஆட்டிக் காட்டினார். “இந்த ஆட்டம் இருக்கக்கூடாது தம்பி. ஒத்தை சிலிண்டர் டீசல், அடிச்சு அடிச்சு துளையை முட்டையாக்கிடும்” என்றார். துளைகளைச் சற்றுச் சிறிதாகப் போட்டு, பிறகு துளையை நுட்பமாகச் செதுக்கி அகலப்படுத்தும் ரீமர் விட்டுத் திருகாணி கையால் தள்ளினால் மட்டும் நுழையும் அளவுக்குக் கொண்டுவந்தது அவருடைய வேலை. கூலியைப் பற்றி அவர் பேசவில்லை, நான்தான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

3 மே 2025

இன்று ஸ்ப்ராக்கெட். பழைய எஞ்சினின் 25 பல் ஸ்ப்ராக்கெட்டில் நடுப்பகுதியைக் கடைந்தெடுத்து, யான்மார் தண்டுக்கு ஏற்ற சாவிப்பள்ளம் கொண்ட புதிய குடத்தை அதில் பொருத்தியாயிற்று. தண்டின் முனையில் தொங்கவிடாமல் கூடிய மட்டும் பேரிங்கை ஒட்டி உள்ளே தள்ளி மாட்டியிருக்கிறோம். செயின் இழுக்கும் புள்ளி வெளியே போகப்போக பேரிங்கின் ஆயுள் குறையும்.

விகிதக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். எஞ்சின் 25 பல், கிளட்ச் 56 பல். முன் ஸ்ப்ராக்கெட் 16, பின்சக்கரம் 38. மேல் கியரில் மொத்த விகிதம் 5.32 வருகிறது. பின் டயரின் சுற்றளவு 2.05 மீட்டர் என்பதால் 3,600 சுற்றில் வேகம் மணிக்கு 83 கிலோமீட்டர். முன்னால் 17 பல் வைத்தால் 88 ஆகும். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவர் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போக ஏழு குதிரைத்திறனுக்குமேல் தேவைப்படுவதால், அந்த மேலதிக ஐந்து கிலோமீட்டர் காகிதத்தில் மட்டுமே இருக்கும். துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவுக்கு ஏறுவதையும் கணக்கில் எடுத்தேன். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆறு குதிரைத்திறன் போதும். மூன்றாம் கியரில் எஞ்சின் அப்போது சுமார் 2,350 சுற்றில் இருக்கும், அங்கே அந்த அளவு திறன் கிடைக்கும். எனவே 16 பல்லே இருக்கட்டும். இந்த வண்டிக்குப் பாலத்தைவிட மலைதான் முக்கியம்.

24 மே 2025

எரிபொருள் செல்லும் பாதையும், வேகத்துக்கு முறுக்கும் கைப்பிடியும். தொட்டியைக் கழுவிக் காயவைத்து, இன்ஜெக்டரில் கசிந்து திரும்பும் டீசலுக்கு மூடியின் அருகே ஒரு வழி கொடுத்திருக்கிறோம். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் மெத்தில் எஸ்டர் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது ஊற வைத்து இளக்கிவிடும் என்பதால் எல்லாக் குழாய்களையும் அதைத் தாங்கும் விட்டான் ரப்பர் வகைக்கு மாற்றினேன்.

கைப்பிடியில்தான் நெடுநேரம் போயிற்று. பெட்ரோல் வண்டியில் கைப்பிடி காற்றுக் கதவைத் திறக்கிறது. டீசலில் அப்படி ஒரு கதவே இல்லை. இங்கே கைப்பிடி கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்து, இந்த வேகம் வேண்டும் என்று சொல்வதோடு சரி. எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதைக் கவர்னர் தானே முடிவு செய்கிறது. அதன் நெம்புகோல் கைப்பிடிக் கேபிள் தரும் நீளத்தைவிட அதிகம் நகர வேண்டியிருந்ததால், இடையில் சிறியதும் பெரியதுமாக இரட்டைக் கப்பி ஒன்றை வைத்தோம்.

சாவியைத் திருப்பி இந்த எஞ்சினை நிறுத்த முடியாது, ஏனெனில் அணைப்பதற்குத் தீப்பொறியே கிடையாது. எரிபொருளை நிறுத்தும் கேபிளைத் தவிர, காற்று வடிகட்டியின் வாயை அடைக்கும் ஒரு தகட்டையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். எரிபொருள் பம்பின் தண்டு சிக்கிக்கொண்டாலோ எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கத் தொடங்கினாலோ, காற்றை அடைப்பதுதான் அதை நிச்சயமாக நிறுத்தும் வழி. இந்தத் தகட்டை வேண்டாத செலவு என்று சொன்ன நண்பர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

14 ஜூன் 2025

ஓடுகிறது. இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி, குமிழிகள் நின்று தெளிந்த டீசல் துள்ளி விழும்வரை காற்றை வெளியேற்றி, மீண்டும் முடுக்கி, சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்திவிட்டு உதைத்தோம். நம் ஊர் வெயிலில் முன்கூட்டியே சூடாக்க எதுவும் தேவையில்லை. சிலிண்டருக்குள் இறுகும் காற்றின் வெப்பமே போதும்.

பட்டறையின் வேலியிட்ட முற்றத்துக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச்சைப் பிடித்தால் எஞ்சின் அலறுவதில்லை. சொல்லி வைத்த வேகத்திலேயே நிற்கிறது. முற்றத்தின் சரிவில் ஏறும்போது கைப்பிடியை நான் அசைக்கவே இல்லை, ஒலி மட்டும் கனத்தது, வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகிய மணிக்கட்டுக்கு இதை நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது. வளைவில் சாயும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிவிடாதா என்று கேட்டார்கள். சாயும் வண்டியில் எடையும் மையவிலக்கு விசையும் சேர்ந்து எண்ணெயை வண்டியின் அடிப்பக்கமே அழுத்துவதால் அந்தப் பயம் வேண்டாம். பக்கத்தாங்கியில் சாய்த்து வைத்து ஓடவிடுவதுதான் கூடாது, அதனால் நடுத்தாங்கியை மட்டும் வைத்திருக்கிறேன்.

28 ஜூன் 2025

அதிர்வு நாங்கள் எண்ணியதைவிடக் கடுமை. 1,800 சுற்றுக்குக் கீழே கைப்பிடிக் கண்ணாடிகளில் பின்னால் நிற்பவர் யார் என்றே தெரிவதில்லை. 2,400-ஐ நெருங்கும்போது அடங்குகிறது. ஒவ்வொரு நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே மஞ்சள் மையால் ஒரு கோடு போட்டிருந்தோம். இன்று ஓடவிட்டு நிறுத்தியபின் குந்தி உட்கார்ந்து பார்த்தபோது, முன்குழாயின் கீழ்த் திருகாணியில் மட்டும் கோடு முறிந்து ஒரு நெல் அகலம் விலகியிருந்தது. மற்றவை அசையவில்லை, அண்ணன் ரீமர் விட்ட துளைகள் உட்பட. அந்த இடத்துக்கு நைலான் பூட்டு நட்டு போட்டிருக்கிறோம். எஞ்சினின் தலைப்பகுதி முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்க, அதன் சொந்த டீசல் தொட்டி இருந்த துளைகளிலிருந்து மேல்குழாய்க்கு ஒரு தாங்கு கம்பியையும் கொடுக்கப் போகிறோம்.

ஆவண வேலை இன்னொரு பக்கம் நடக்கிறது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, அதன்பின் பரிசோதனை, அதன்பின் வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டில் திருத்தம் என்று வரிசையாகச் செல்ல வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீது, எண்ணின் புகைப்படம், தகடுகளின் வரைபடம் எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்தாயிற்று. சாலை வரியில் மாற்றம் இராது. 346 சிசியும் 406 சிசியும் 251 முதல் 500 வரையிலான அதே 100 ரிங்கிட் வரம்புக்குள்தான் வருகின்றன. அனுமதி கிடைக்கும் என்ற உறுதி எவரும் தரவில்லை. மறுத்தால் பெட்டியிலிருக்கும் பெட்ரோல் எஞ்சினுக்குக் கிரேங்க்கேஸை வரவழைப்பேன். பதில் வரும்வரை வண்டி முற்றத்தைத் தாண்டாது. திங்கட்கிழமை தாங்கு கம்பிக்கு அளவெடுக்க வேண்டும், ஃபிளைவீல் சுருளிலிருந்து முன்விளக்குக்கு மின்கம்பியும் இழுக்க வேண்டும்.