குசினி வாசல் எந்தப் பக்கம்?

யப்பானுக்கு நான் கோட்டை பார்க்கப் போகவில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனேன். சரக்குத்தூள், ஒடியல்மா, நல்லெண்ணெய் என்று பெட்டியில் பாதி குசினிச் சாமான்தான். 2024 ஓகஸ்டில் பேரன் பிறந்தான். முப்பத்தொன்று கழிந்து, மகளும் உடம்பு தேறி எழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், "மாமி, குமாமோட்டோவுக்கு வந்து கோட்டையைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் என்னைத்தான் பேசுவார்கள்" என்று சொல்லி டிராமில் ஏற்றிக்கொண்டு போனார்.

டிக்கெட் 800 யென். அதை எங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று மகள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். பெருக்கித்தான் பார்த்தேன்.

நான் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். குளக்கட்டின் குறுக்குவெட்டு, வாய்க்காலின் சரிவு, துருசின் அளவு என்று சோற்றுக்கு வரைந்தது எல்லாம் மண்ணும் கல்லும்தான். அதனால் மேலே கறுப்பும் வெள்ளையுமாக நின்ற மாளிகையை எல்லோரும் படம் எடுக்க, என் கண் அதன் காலடிக்குப் போனது. அந்தக் கல் மதில் அடியில் ஆடு ஏறி மேயலாம் போன்ற சரிவாகத் தொடங்குகிறது. போகப் போக நிமிர்ந்து, உச்சியில் செங்குத்தாகி விடுகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு "வீரரைத் திருப்பி அனுப்புவது" என்று பொருளாம். பாதி தூரம் ஆசை காட்டி ஏற்றிவிட்டு அங்கே கைவிடுகிற மதில். அடிமட்டம் வைத்தே கோடு போட்டுப் பழகிய கைக்கு அந்த வளைவு பொறாமையாக இருந்தது. கத்தோ கியோமாசா என்ற பிரபு 1607இல் கட்டி முடித்தது. சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முகப்பில் பெரிய கல், அதன் முதுகுக்குப் பின்னால் சிறு கற்களின் நிரப்பு. மழைத்தண்ணீர் அந்த இடுக்கால் வடிந்து போய்விடும். குளக்கட்டின் உட்புறம் கல் பதிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாளிகை பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. பழையது 1877இல் எரிந்துவிட்டது. இப்போது நிற்பது 1960இல் கொங்கிறீற்றில் எழுப்பியது. உள்ளே லிப்ட் இருக்கிறது, என் முழங்காலுக்கு அது போதும்.

2016 ஏப்ரல் 14 இரவு அங்கே 6.5 அளவில் நிலம் குலுங்கியிருக்கிறது. தப்பித்தோம் என்று நினைத்தவர்களுக்கு 28 மணித்தியாலம் கழித்து, 16ஆம் திகதி விடியப்புறம், 7.3 அளவில் இன்னொன்று. மதில்கள் பல இடங்களில் சரிந்து கொட்டிவிட்டன. ஒரு காவல் மாடத்தின் கீழ் இருந்த கற்கள் எல்லாம் கொட்டுண்டு போக, மூலைக் கற்கள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒற்றைத் தூண்போல நின்று அந்த மாடத்தைத் தாங்கிய படத்தை மருமகன் தன் கைபேசியில் காட்டினார். மூலையில் நீளக்கற்களை ஒன்றுக்கு ஒன்று திசை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள், செங்கல் கட்டில் மூலை பின்னுவது போல. அந்தப் பின்னல்தான் காப்பாற்றியது.

இப்போது இடிந்த இடங்களுக்கு மேலாக, நிலத்திலிருந்து ஏறக்குறைய ஆறு மீற்றர் உயரத்தில், 350 மீற்றர் நீளமான நடைபாலம் போட்டிருக்கிறார்கள். திருத்தி முடித்துவிட்டுத்தான் காட்டுவோம் என்றில்லை. சரிந்தபடியே காட்டுகிறார்கள். அதில் நடக்கும்போதுதான் வெட்டையில் கற்கள் வரிசை வரிசையாகப் படுத்திருப்பதைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் எண்.

"எதற்குத் தம்பி எண்?"

"விழுந்த கல் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திருப்பி வைப்பதற்கு, மாமி."

நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த புகைப்படங்களோடு ஒவ்வொரு கல்லின் முகத்தையும் ஒப்பிட்டு, கணினியின் உதவியோடு இடம் கண்டுபிடிக்கிறார்களாம். முழு வேலையும் முடிய 2052 ஆகுமாம். பேரனுக்கு அப்போது 28 வயது. நான் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். களைப்பு என்று நினைத்து மருமகன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார்.

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருந்த எங்கள் பழைய வீடு எனக்கு நினைவுக்கு வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். போர் முடிந்து மீளக்குடியேற வந்தபோது அத்திவாரமும் ஒரு பக்கச் சுவரும் நின்றன. மற்றது குவியல். வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீடு கிடைத்ததும், அந்தக் குவியலை உழவு இயந்திரப் பெட்டியில் அள்ளி ஒழுங்கைப் பள்ளத்தில் கொட்டச் சொன்னது நான்தான். மழைக்கு முன் வழி வேண்டியிருந்தது. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர்களிடம் படம் இருந்தது. எங்கள் அல்பம் இடம்பெயர்ந்த வழியில் எங்கோ போயிற்று. அதுதான் பாலத்தில் குத்தியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கியோமாசா கொரியாவுக்குப் படை கொண்டுபோய், உல்சான் கோட்டையில் 1597–98 மாரியில் முற்றுகைக்குள் அகப்பட்டு, சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தவராம். திரும்பி வந்து கட்டிய கோட்டையில் 120 கிணறு வெட்டினாராம். தரைப்பாய்க்குள் காய்ந்த சேம்பந்தண்டையும், மண்சுவருக்குள் சுரைக்காய்ச் சீவலையும் வைத்தாராம், முற்றுகை வந்தால் பிய்த்துச் சமைக்க. பாயைத் தின்பதா என்று பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவன் நாட்டில் போய் அடிபட்டுத்தான் அந்தப் பிரபுவுக்குப் பசி விளங்கியது என்றும் நினைத்துக்கொண்டேன். கொரியச் சனம் அந்த மாரியில் என்ன சாப்பிட்டது என்பது மருமகன் வாசித்துச் சொன்னதில் இல்லை.

ஊருக்கு வந்த மறுநாள் மேசன் அண்ணை வந்தார். எங்கள் பழைய வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர், இப்போது எண்பதை நெருங்குகிறார். பேரனின் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்லைக் காட்டு பிள்ளை" என்றார். கைபேசியை மூக்குக்குக் கிட்ட வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சீமெந்து இல்லாமலா?"

"இல்லாமல்தான்."

"நாங்கள் இருபது மூட்டை போட்டோம். என்னத்தைக் கண்டோம்?" என்றார். தேத்தண்ணீர் ஆறும் வரைக்கும் மூலைக் கல்லிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அன்று இரவு பழைய பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, பேரனின் பால்மாப் பெட்டியை விரித்து, அதன் உட்புறத்தில் பழைய வீட்டின் வரைபடத்தைப் போடத் தொடங்கினேன். முதலில் அதை வரைந்தவளும் நானே, ஆகவே அரை மணித்தியால வேலை என்றுதான் நினைத்தேன். விறாந்தை வந்தது. சாமியறை வந்தது. மாமியாரின் அறைக்கும் எங்கள் அறைக்கும் இடைச்சுவரின் நீளம் மட்டும் கணக்கில் இடிக்கிறது, ஒரு அடி கூடுகிறது.

மறுநாள் அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"குசினி வாசல் கிணற்றடிப் பக்கம்."

"இல்லை அண்ணை, மாமரத்துப் பக்கம். மாவிலை உள்ளே பறந்து வந்து நான் கூட்டியது எனக்குத் தெரியாதா?"

"நிலை வைத்தது நான், பிள்ளை."

கனடாவிலிருக்கும் மைத்துனிக்கு எடுத்துக் கேட்டேன். குசினிக்கு இரண்டு வாசல் இருந்ததே என்கிறாள் அவள். வடக்குச் சுவரை மட்டும் இன்னும் பென்சிலில் விட்டிருக்கிறேன். அண்ணை ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமரத்தின் அடிக்கட்டை வளவில் இன்னும் கிடக்கிறது, அதிலிருந்து அளந்தால் பிடிபடும் என்கிறார்.